மணி அடிக்கும் வரை ஜோடி

நமக்கு மேலவை என்று ஒன்று இருந்ததை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் முழிக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும். கோட்டையில் சட்டசபையைப் போலவே இன்னொரு சபையும் நடந்தது. அதில் பட்டதாரிகளுக்குத் தொகுதி உண்டு, ஆசிரியர்களுக்குத் தொகுதி உண்டு. ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களில் என் அப்பா மரியதாஸும் ஒருவர். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தூக்கம் வருகிற மாதிரி நியாயம் பேசுவார்.

ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர் சுயம்புலிங்கம். நெல்லைச் சீமைக்காரர், தி. நகரில் பனகல் பார்க் அருகே ஜவுளிக்கடை. அவர் பேசும்போது யாரும் தூங்க முடியாது, அவ்வளவு சத்தம். அப்பாவை அவர் 'சார்வாள்' என்பார். அப்பா அவரை 'முதலாளி' என்பார். இரண்டிலும் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கிண்டலும் இருக்கும்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது அந்தச் சபையின் ஒரு பழக்கம். அதற்கு ஜோடி போடுவது என்று பெயர். ஒரு கட்சியில் ஒருவர் உடம்பு சரியில்லை என்றோ, வீட்டில் விசேஷம் என்றோ ஓட்டெடுப்புக்கு வர முடியாவிட்டால், அடுத்த கட்சியிலிருந்தும் ஒருவர் வராமல் இருந்துவிடுவார். கணக்கு நேராகிவிடும். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய் வார்த்தைதான். வாய் வார்த்தையை நம்பாத கொறடாக்கள் அதற்கு ஒரு வாலை ஒட்டவைத்திருந்தார்கள். ஜோடி போட்ட இருவரும் கோட்டையில் ஓட்டெடுப்பு மணி அடித்து முடியும்வரை ஒரே இடத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும்.

தீபாவளி சமயத்தில் சுயம்புலிங்கம் கடையை விட்டு நகர முடியாது. அப்பா போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒரு அம்மாள் அவரிடம் ரவிக்கைத் துணி விலை கேட்க, நியாயமான விலை என்பது என்ன என்று அப்பா விளக்க ஆரம்பித்து, அந்த அம்மாள் அடுத்த கடைக்கே போய்விட்டாராம். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வு வந்தால் அப்பா நகர முடியாது. சுயம்புலிங்கம் வந்து தலைமையாசிரியர் அறையில் உட்காருவார். யாரோ ஃபெயிலான பையனின் தகப்பன் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இப்படி நம்பாமல் காவல் இருந்து காவல் இருந்தே இரண்டு பேருக்கும் சிநேகம் ஒட்டிக்கொண்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், ஏப்ரல் மாதத்தில். மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆசிரியை. அந்தக் காலத்தில் இப்படிப் பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஏப்ரல் கடைசி நாளன்று கூப்பிட்டு, 'உங்கள் வேலை இன்றோடு முடிந்தது' என்பார்கள். ஜூனில் கூப்பிட்டு, 'உங்களைப் புதிதாக நியமித்திருக்கிறோம்' என்பார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், யாரையும் நிரந்தரம் ஆக்கவும் வேண்டாம். நான் ஏழு வருடமாகப் புது டீச்சர். என்னிடம் படித்த பெண் ஒருத்தி காலேஜ் முடித்துவிட்டு அங்கேயே வேலைக்கு வந்தபோது, அவளும் புதுசு, நானும் புதுசு. போதாக்குறைக்கு அந்த வருடம் மேலிடத்தில் என்னைப் பிடிக்கவில்லை. ஜூனில் கூப்பிட மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏப்ரலில் போனால் போனதுதான்.

எனக்காக வாய் திறக்காத அப்பாவை முதுகெலும்பில்லாதவர் என்று நானே வீட்டில் திட்டியிருக்கிறேன். ஆனால் சுயம்புலிங்கம் ஒருநாள் என் கதையைக் கேட்டுவிட்டு, "எங்க கடையிலகூடத் தள்ளுபடி ஆடிக்குத்தான். உன்னைய வருசா வருசம் சித்திரையில தள்ளுதாவளா?" என்றார். சிரிக்கச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை விளையாட்டாகப் பேசியதே இல்லை.

எழுபதுகளின் ஆரம்பம். அரசாங்கம் தனியார் பள்ளிகளுக்கு ஒரு மசோதா கொண்டுவந்தது. காரணம் சொல்லாமல் ஆசிரியரை நிறுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. கூடவே, ஒவ்வொரு பள்ளி நிர்வாகக் குழுவிலும் ஒரு அரசு அதிகாரி உட்காருவார் என்றும் இருந்தது. முதலாவதைக் கேட்டு அப்பா சந்தோஷப்பட்டார், இரண்டாவதைக் கேட்டுக் கொதித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தை நாங்கள் நடத்தத் தெரியாதவர்களா என்று சபையில் ஒரு மணி நேரம் பேசினார். சுயம்புலிங்கம் எழுந்து அவரைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார். மறுநாள் பேப்பரில் 'கடும் மோதல்' என்று வந்தது.

அந்த வாரமே ஏதோ ஓர் ஓட்டெடுப்புக்கு இருவரும் ஜோடி. அடையாறு எலியட்ஸ் பீச்சில் போய் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி உடைந்திருந்ததால் துணைக்கு நானும் போனேன். சுண்டல் பொட்டலம் பாதி தீரும்வரை இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்வாள், அந்த அதிகாரியை எடுத்திரச் சொல்லி எங்க ஆளுவகிட்ட நான் பேசுதேன். ஏப்ரல்ல நிறுத்த மாட்டோம்னு உங்க நிர்வாகிகள்ட்ட நீங்க சம்மதம் வாங்கித் தாங்க."

"என்னை உயிரோட விட மாட்டாங்க, முதலாளி."

"எங்க கட்சியில எனக்கு மட்டும் மாலை போடுவாவளாக்கும்."

அப்பா கையிலிருந்த சுண்டலை எண்ணெய்க் காகிதத்தில் திரும்பக் கொட்டினார். "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த சில வாரங்களில் ஒருவர் மந்திரிகளின் வாசலிலும் இன்னொருவர் நிர்வாகிகளின் வாசலிலும் காத்துக் கிடந்தார்கள். அவரவர் கட்சியில் அவரவர் விலைபோனதாகப் பேச்சு. கடைசியில் அதிகாரி போனார், ஏப்ரல் பாதுகாப்பு அப்படியே நிலைத்தது. சட்டசபையில் அந்தத் திருத்தத்தோடு நிறைவேறி மசோதா மேலவைக்கு வந்தது.

வந்த இடத்தில் எங்கள் கட்சித் தலைமை குட்டையைக் குழப்பியது. ஆசிரியர் ஓட்டெல்லாம் ஆளுங்கட்சிக்குப் போய்விடும், மசோதாவை இப்போது ஒத்திப்போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். மேலவையால் ஒரு சட்டத்தைக் கொல்ல முடியாது, ஆனால் மூன்று மாதம் கிடப்பில் போட முடியும். அது மார்ச் மாதக் கடைசி. அந்த மூன்று மாதத்துக்குள் ஏப்ரல் முடிந்துவிடும், நான் வீட்டில் இருப்பேன்.

"கட்சியா உங்களுக்குச் சோறு போடுது?" என்று அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"இருபது வருஷம் ஒரே பக்கம் உக்காந்திருக்கேன், ஆலிஸ். கொறடா சொன்னதுக்கு மாறா ஓட்டுப் போட எனக்கு வராது" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

சபையில் ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு ஆள்தான் கூடுதல். ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுயம்புலிங்கம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அபிராமபுரத்தில் அவர் வீட்டில் படுக்கவைத்து, கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் போகாவிட்டால் ஓட்டு சரிசமம். சரிசமம் ஆனால் சபைத் தலைவர் ஓட்டு, அவரோ எங்கள் கட்சி. எங்கள் ஆட்கள் வெளியே அனுதாபம் சொல்லிவிட்டு உள்ளே கணக்குப் போட்டார்கள்.

அப்பா நேராகக் கொறடாவிடம் போய், "நோயாளிக்கு நான் ஜோடி" என்றார். படுத்துக் கிடக்கிறவருக்கு ஜோடி மறுத்தால் ஊர் காறித் துப்பும். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். ஆளுங்கட்சிக்கு மறுபடி ஒரு ஓட்டு கூடுதலானது. அப்பா கட்சியையும் மீறவில்லை, என்னையும் கைவிடவில்லை. என் வாழ்நாளில் அவரை நான் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஓட்டெடுப்பு ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தொடரின் கடைசி நாள். தவக்கால வெள்ளியில் கறி ஆகாது என்பதால் வீட்டில் மீன்தான். என் அம்மா ஃப்ளோரன்ஸ், கேரியரில் மீன் குழம்பும் சோறும் போட்டு, "அப்பாவுக்குச் சாப்பாட்டு வேளை தப்பிடும்" என்று என்னை அனுப்பினாள். பரீட்சை சமயம், மத்தியானம் எனக்குப் பள்ளி இல்லை.

அபிராமபுரம் வீட்டு வாசலில் இரண்டு கார் நின்றன. ஒன்று ஆளுங்கட்சி அனுப்பியது. அதனோடு வந்தவர் பொன்னுரங்கம், கொறடாவின் கையாள். இன்னொன்று எங்கள் கட்சியுடையது. அதில் மயிலாப்பூர் வக்கீல் ரகுபதி. இரண்டு பேரும் வேப்பமர நிழலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா. ஜோடி எதுனா பிசகிச்சுன்னா தலீவரை நாற்காலியோட தூக்கினு பூடலாம்னு கீறோம்" என்றார் பொன்னுரங்கம்.

ரகுபதி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தப்பா எடுத்துக்காதேம்மா. என்னை ஒரு காரியத்துக்குத்தான் அனுப்பிச்சிருக்கா. பெரியவருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா நான் ஃபோன் பண்ணணும். மெம்பர் தவறிட்டார்னு தெரிஞ்சா சபை இரங்கல் சொல்லிண்டு எழுந்துடும். அன்னிக்கு வேற எதுவும் நடக்காது."

கடைசி நாளில் சபை எழுந்துவிட்டால் மசோதா அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். எனக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. அவர் தலை ஏற்கெனவே குனிந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

உள் அறையில் சுயம்புலிங்கம் தலையணையில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அப்பா. கால்மாட்டில் சுயம்புலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாள், விசிறியோடு. தடித்த உருவம், தடித்த குரல், தங்கமான மனசு. என்னைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்தின் கண் கேரியருக்குப் போனது.

"மீன் கொழம்பா?"

"நீங்க சாப்பிடக் கூடாது மாமா."

"திங்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. மோந்து பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் மூடியைத் திறந்து அவர் முகத்தருகே காட்டினேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவும் அவரும் எலியட்ஸ் பீச்சைப் பற்றி, மிச்சம் வைத்த சுண்டலைப் பற்றி, இன்ஸ்பெக்டர் சொன்ன ஆறுதலைப் பற்றிப் பேசினார்கள். அப்பாதான் அதிகம் பேசினார். அவர் பேச்சில் வழக்கம்போல் சுயம்புலிங்கத்துக்குக் கண் சொருகியது.

"சார்வாள், மணி அடிச்சா என்னைய எழுப்புங்க" என்றார்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து, பேச்சியம்மாளின் விசிறி நின்றது. அவள் புருஷனின் பாதத்தைத் தொட்டாள், பிறகு முழங்காலை, பிறகு மார்பில் கை வைத்தாள். அப்பா எழுந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அப்புறமும் சிறிது நேரம் அவர் பிடித்த கையை விடவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றேன்.

அப்பா மெல்ல, "நான் கோட்டைக்குத் தகவல் சொல்லணும்" என்றார். அது அவர் கட்சிக்காகச் சொன்னது அல்ல. சக உறுப்பினர் இறந்தால் தெரிவிப்பது முறை. என் அப்பா முறையில் பிறந்து முறையில் வளர்ந்தவர். கதவை நோக்கி ஓர் அடி வைத்தார்.

பேச்சியம்மாள் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"உக்காருங்க, சார்வாள். மணி இன்னும் அடிக்கல. ஜோடி இன்னும் முடியல."

"அம்மா, முதலாளி..."

"எனக்குத் தெரியுது. நாப்பது வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? இந்தச் சட்டத்துக்கு நாயா அலைஞ்சாவ. இதுக்குத்தான் நெஞ்சு வலிச்சுது. இப்ப அவிய செத்ததாலயே அது நின்னுபோச்சுன்னு ஒரு பேச்சு வரப்பிடாது. இந்தப் பிள்ளை ஏப்ரல்ல வீட்டுல உக்காரப்பிடாது." முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எடுத்தாள். "அழுகை எங்கேயும் போயிராது. இருந்து அழுதுக்கிடுதேன்."

அப்பா திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சுயம்புலிங்கத்தின் கையை மறுபடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நெல்லைப் பக்கத்துப் பெண்கள் சாவுக்கு அழுகிற அழுகை தெருக்கோடி வரை கேட்கும். அப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவள் அன்று சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டாள். கூடத்தில்தான் டெலிபோன் இருந்தது. கோட்டையில் என்ன நிலவரம் என்று கேட்க ரகுபதி உள்ளே வந்திருந்தார். ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டார். பேச்சியம்மாள் டம்ளரை நீட்டினாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"எப்படி இருக்கார், மாமி?"

"ஒறங்குதாவ. சத்தம் காட்டாதீங்க."

ரகுபதி ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடியிருந்த கதவைப் பார்த்தார். மீதிக் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நம்பரைச் சுழற்றாமலே ரிசீவரை வைத்தார். வெளியே போய்ப் பொன்னுரங்கத்திடம், "அவர் தூங்கறார். நீ வாயைத் திறக்காம உட்காரு" என்று அதட்டியது எங்கள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நேரம் நகரவே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ சின்னப் பெண் பாட்டுக்குச் சாதகம் செய்துகொண்டிருந்தாள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. பேச்சியம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து மறுபடி விசிற ஆரம்பித்தாள். யாருக்காக விசிறுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

டெலிபோன் அடித்தது. பொன்னுரங்கம் ஓடி வந்து எடுத்தார். "இன்னாது? ஜெய்ச்சிட்டமா? ஒரே ஓட்டா?" என்றவர், ரகுபதியின் அதட்டல் நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, அறை வாசலில் வந்து, "அம்மா, தலீவரு எழுந்தா சொல்லுங்கோ. நிறைவேறிட்ச்சு" என்றார்.

பேச்சியம்மாள் விசிறியைக் கீழே வைத்தாள். "முடிஞ்சுதா, சார்வாள்?"

அப்பா குனிந்து சுயம்புலிங்கத்தின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"மணி அடிச்சாச்சு, முதலாளி."

அப்போதுதான் அவள் கத்தினாள். பக்கத்து வீட்டுப் பாட்டு நின்றது. தெருவே ஓடி வந்தது.

மறுநாள் பேப்பரில், மசோதா நிறைவேறிய செய்தி கேட்ட மகிழ்ச்சியில் உயிர் பிரிந்தது என்று போட்டிருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ரகுபதி அப்பாவின் பக்கத்தில் வந்து நடந்தாராம். "காப்பியில சர்க்கரையே இல்லை, சார். எத்தனை தடவை அந்த ஆத்துல காப்பி குடிச்சிருக்கேன். அந்த மாமி சர்க்கரை மறக்கறவா இல்லை" என்றாராம்.

அடுத்த தேர்தலில் கட்சி அப்பாவை நிறுத்தவில்லை. அவரும் கேட்கவில்லை. ரகுபதிக்கும் அதற்கப்புறம் கட்சியில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்குச் சபைக் கூச்சலைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் இருவரையும் சுயம்புலிங்கத்தையும் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அவர்களுடைய காலம்தான் வேண்டும். கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் வேண்டும்.

அந்த ஏப்ரல் கடைசி நாளில் பள்ளியில் மாலை வரை காத்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நேராக அபிராமபுரம் போனேன். பேச்சியம்மாள் பொட்டில்லாத நெற்றியோடு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இன்னிக்கு என்னைக் கூப்பிடலை" என்றேன்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டாள். எனக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர், அப்புறம் பழக்கத்தில் மூன்றாவதாக ஒன்று. மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் அதை மாமா வழக்கமாக உட்காரும் காலி நாற்காலியின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏங்க, கேட்டீயளா. நம்ம ஆலிஸு இனிமே புதுசு இல்லையாம்."